ஐலசா போட்டுப் படித்த மூன்றாம் வகுப்பு

எனக்கு வாய் உண்டு, அதுவும் ஊருக்கே கேட்கிற வாய். ஆனால் நீளமான சொல் ஒன்றுகூட அந்த வாயிலிருந்து ஒழுங்காக வெளியே வந்ததில்லை. மீன், வலை, கடல், கஞ்சி, போடா என்கிற அளவில் உள்ள சொற்களெல்லாம் நன்றாக வரும். சண்டை போடுவதற்கு அவ்வளவே போதும் என்பதால் சிறு வயதில் எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மூன்றெழுத்தைத் தாண்டினால்தான் வம்பு. தலையணை என்று சொல்ல வாயைத் திறப்பேன், தயலணை என்று வரும். பதநீர் பநதீராகும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிமழையாகும். திருப்புல்லாணி திப்புருல்லாணியாகிவிடும். உள்ளே எல்லாவற்றையும் சரியாகத்தான் அடுக்கி வைத்திருப்பேன். வெளியே வருகிற வழியில்தான் எழுத்துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முந்தும்.

எங்கள் ஊர் ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில், கடலை ஒட்டி, மணலுக்குள் பாதி புதைந்து கிடந்த ஊர். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அது எங்கள் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடமாக வந்திருந்தது. பனையோலைக் கூரை, மண் சுவர், தரைக்குக் கடற்கரை மணல். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் பரமக்குடிப் பக்கத்துக்காரர். கருவாட்டு வாடைக்கு மூக்கில் துண்டைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துவார். பாவம், அவருக்கு எங்கள் ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவே இல்லை.

பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே என் நாக்குக்கு வைத்தியம் தொடங்கிவிட்டது. ஆத்தா, அதாவது என் அம்மா, வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவாள். அதை வசம்பு என்று சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காதாம். 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்ல வேண்டும். பேச்சு வருவதற்குக் கொடுக்கிற மருந்தின் பேரைப் பேசக்கூடாது என்பது என்ன நியாயமோ, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அப்புறம் கிளி கொத்திய கொய்யாப்பழம் தின்றால் நாக்கு திருந்தும் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் ஊரில் கொய்யாவும் கிடையாது, கிளியும் கிடையாது. என் தாய்மாமன் ராமநாதபுரம் சந்தைக்குப் போய் ஒரு பழம் வாங்கி வந்தார். அதில் ஓட்டை இருந்ததென்னவோ உண்மை. ஆனால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. அப்படிக் கொத்துகிற கிளி கோணி ஊசி மூக்கோடு பிறந்திருக்க வேண்டும். நான் அதையும் தின்றேன். பழம் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிமழை அப்படியே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் குறை பெரிதாயிற்று. வாயில் எங்கே புரண்டதோ அதே இடத்தில் கண்ணும் புரண்டது. ஒற்றை எழுத்தைக் காட்டினால் சொல்லிவிடுவேன். இரண்டைச் சேர்த்துக் காட்டினாலும் சமாளிப்பேன். நான்கைந்து எழுத்து வரிசையாக நின்றால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். கொம்பு யாருடையது, கால் யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் வாத்தியாரின் பிரம்பு வந்துவிடும்.

"வேணும்னே பொரட்டுறா. திமிர்" என்பார் அவர்.

எனக்குத் திமிர் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து நான் தலையணையைப் புரட்டவில்லை. செய்த குற்றத்துக்கு அடி வாங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். என் கண்ணும் நாக்கும் கூட்டுச் சேர்ந்து செய்த காரியத்துக்கு என் உள்ளங்கை ஏன் அடி வாங்க வேண்டும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதெல்லாம் இருந்தும் பள்ளிக்கூடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புத்தகத்துக்குள் ஏதோ இருக்கிறது, மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அது திறக்கிறது, என்னைக் கண்டால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறது என்பது போல இருக்கும். சாத்தின கதவை விட்டுவிட்டு வருகிற ஆள் நானில்லை. அதனால் மூன்றாம் வகுப்பிலேயே வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மணலில் எந்த இடம் குளிர்ச்சி, எந்த இடத்தில் கூரை ஒழுகும் என்று சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு அந்த வகுப்பில் எனக்கு அனுபவம் இருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் என் சொந்தத் தம்பி. இரண்டாம் வகுப்பு தேறி மேலே வந்துவிட்டான். புத்தகத்தை எடுத்தால் தண்ணீர் குடிக்கிற மாதிரிப் படிப்பான். மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்த மாட்டான்.

அன்று சாயங்காலம் அய்யா என்னைக் கூப்பிட்டார். என் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். கரைவலை இழுக்கிற கூட்டத்தில் அம்பா பாடுகிறவர் அவர். கயிற்றைப் பிடித்து நிற்கிறவர்களுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுப்பார். அவர்கள் 'ஐலசா' என்று பதில் சொல்லி இழுப்பார்கள். ஊரில் எல்லாரையும் ஒன்றாக இழுக்க வைக்கிற குரல் அவருடையது. வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

"இந்த வருசம் பாப்போம்" என்றார். "தம்பி நாலாப்புக்குப் போயி நீ மூணாப்புலயே கெடந்தா, பள்ளிக்கூடம் போதும் புள்ள. ஆத்தாளோட கெடங்குல மீனுக்கு உப்புத் தடவப் போ."

அதில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னதாக இருந்தால் மறுநாள் மறந்துவிடுவார். கருவாட்டுக் கிடங்கை எனக்குத் தெரியும். ஆத்தாளின் விரல் வெடிப்புகளில் உப்பு இறங்கி, அவள் சோறு பிசையும்போது முகம் சுளிப்பதை நாள்தோறும் பார்ப்பவள் நான். அங்கே போக எனக்கு மனமில்லை. நாலாம் வகுப்புக்குப் போக வழியும் தெரியவில்லை.

வழி கடலில் இருந்து வந்தது. ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு விழா நடந்த சமயம், ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். அன்று பார்த்து வலையில் நல்ல மீன்பாடு. கயிறு பிடிக்க ஆள் போதவில்லை. கஞ்சி கொண்டுபோன பெண்டு பிள்ளைகளையும் பிடிக்கச் சொன்னார்கள். நானும் பிடித்தேன். அய்யா அம்பா எடுத்தார்.

"திருப்..."

"ஐலசா!"

"புல்..."

"ஐலசா!"

"லாணி..."

"ஐலசா!"

மீன் சேருகிற வலையின் மடி எங்கோ மாட்டியதுபோல் இருந்தது. பார்ப்பதற்காக அய்யா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். குரல் நின்றதும் கயிறு தொய்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டிலில் கிடந்த நாள் முதல் கேட்டு வந்த பாட்டு, நானே எடுத்துவிட்டேன். திருப், ஐலசா, புல், ஐலசா, லாணி, ஐலசா. பொட்டைப் பிள்ளை அம்பா எடுக்கிறாளே என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் கரையில் எடுக்கிற குரல் கேட்டால் கை தானாக இழுக்கும், யோசனை பிறகுதான் வரும்.

அய்யா தண்ணீருக்குள் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்.

"ஏ புள்ள! இப்ப என்ன சொன்ன?"

"திப்புருல்லாணி" என்றேன்.

கயிற்றை விட்டுவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். வலை கொஞ்சம் கடலுக்குத் திரும்பிப் போயிற்று. அய்யா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மடியை அவிழ்த்து மீன் பிரிக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஆத்தாளிடம் சொன்னார்.

"ஒடச்சு ஒடச்சுக் கொடுத்தா வருது. மொத்தமாக் கேட்டாத்தான் மொடங்குது. நடுவுல நடுவுல ஐலசா வேணும் அதுக்கு."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வீட்டில் நான் அம்பாவில்தான் பேச வேண்டும் என்று ஆத்தா உத்தரவு போட்டாள். ஐலசா சொல்லும் வேலை தம்பிக்கு. இது அவனுக்குப் பெரிய உத்தியோகமாகப் போயிற்று. நான் "தலை..." என்று நிறுத்துவேன். அவன் கூரையைப் பார்ப்பான். ஐலசா வராமல் எனக்கு அடுத்த எழுத்து வராது. தலையும் இல்லாமல் அணையும் இல்லாமல் நடுவழியில் நிற்பேன். ஒரு ஐலசாவுக்கு ஒரு வறுத்த நெத்திலி என்று கூலி பேசினான் பயல். பிறகு சூடை மீன் கேட்டான். என் பங்குக் குழம்பு மீனையும் அவன் தின்று கொழுத்தான். நான் சொற்களைச் சரியாகச் சொல்லி இளைத்தேன்.

ஒருநாள் அவனோடு சண்டை. வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் ஆத்திரத்தில் "வெள்ளிக்..." என்று ஓங்கிக் கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாவு இடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மதினி, உலக்கையைத் தூக்கியபடியே "ஐலசா!" என்றாள். "கிழ..." என்றேன். "ஐலசா!" என்று உலக்கையைப் போட்டாள். "மை!" என்று முடித்தேன். தம்பியின் வியாபாரம் அன்றோடு படுத்தது.

வாய்க்கு உதவினது கண்ணுக்கும் உதவுமா என்று நானாகத்தான் சோதித்துப் பார்த்தேன். அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆத்தாளுக்கும் அய்யாவுக்கும் எழுத்து தெரியாது. வாத்தியாருக்கு என்னைத் தெரியாது. ஒரு பெரிய சிப்பி ஓட்டை எடுத்துச் சொல்லின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். இரண்டு எழுத்து வெளியே தெரிகிற அளவுக்கு நகர்த்துவது, அதைச் சொல்வது, உள்ளுக்குள் ஒரு ஐலசா, மறுபடி நகர்த்துவது. மறைத்து வைத்த எழுத்துகள் இடம் மாறி உட்காரவில்லை, உட்காரவும் முடியாது, மேலே சிப்பி இருக்கிறதே. ஒரு வரி கரைக்கு வந்து சேர ஒரு யுகம் ஆகும். ஆனால் வந்து சேர்ந்தது. முதல் வரி முழுதாக வந்த அன்று, வரியில் ஒன்றும் பெரிதாக இல்லை, 'மாடு புல் தின்னும்' என்கிற மாதிரி ஏதோதான், நான் புத்தகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாட்டுக்காக அழுகிற பைத்தியம் என்றான் தம்பி.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தது. அவர் முன்னால் படித்துக் காட்டுகிறவர்கள்தான் மேல் வகுப்புக்கு. வாத்தியார் எங்களுக்கு முதல் பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்தார். எந்த இடத்தில் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூட மனப்பாடம். வகுப்பே கண்ணை மூடிக்கொண்டு படித்தது. கடைசி நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு உனக்கு வயித்துவலி. வீட்டுல இரு."

"எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு சார்."

"நாளைக்கு வரும்" என்றார்.

வரவில்லை. நான்தான் வந்தேன், தலையில் எண்ணெய் வழிய, எல்லாருக்கும் முன்னால். என்னைக் கண்டதும் வாத்தியாருக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

ஊரில் வசதியான மரைக்காயர் வீட்டிலிருந்து நாற்காலியும், அதன் கீழே விரிக்கச் சிவப்பு ஜமுக்காளமும் இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பருத்த மனிதர். மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததில் வேர்த்து நனைந்திருந்தார். உட்கார்ந்ததும் நாற்காலிக் கால்கள் ஜமுக்காளத்தோடு மணலில் ஒரு விரற்கடை இறங்கின. புத்தகத்தை வாங்கினார். முதல் பாடத்தைத் திறக்கவில்லை. இப்படி எத்தனை பள்ளிக்கூடம் பார்த்திருப்பார், நேரே கடைசிப் பாடத்துக்குப் போய்விட்டார். நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. ஒட்டகத்தைப் பற்றிய பாடம்.

நாலைந்து பேர் விழித்தார்கள். ஒருவன் கடைசிப் பாடத்தைப் பார்த்துக்கொண்டே முதல் பாடத்தை ஒப்பித்தான், சரியான இடத்தில் பக்கமும் திருப்பினான். தம்பி எழுந்து மூச்சு விடாமல் படித்துவிட்டு உட்கார்ந்தான். வாத்தியார் முகத்தில் உயிர் வந்தது. அப்போது இன்ஸ்பெக்டரின் விரல் என் பக்கம் திரும்பியது.

எழுந்தேன். சிப்பியை எடுத்து என் புத்தகத்தில் அந்தப் பாடத்தின் மேல் வைத்தேன். "பாலை..." என்றேன். நின்றுவிட்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து உள்ளுக்குள் சொல்கிற ஐலசா, அத்தனை பேர் முன்னால் உள்ளே எங்கேயோ ஒளிந்துகொண்டது. வாத்தியார் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கருவாட்டுக் கிடங்கு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

எனக்குப் பக்கத்திலிருந்து, மிகவும் மெதுவாக, ஒரு குரல்.

"ஐலசா."

தம்பிதான். கூலி கேட்காமல், தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான். அந்த நேரத்தில் அவன் மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

"வனத்..." என்றேன்.

"ஐலசா" என்றார்கள் நாலைந்து பேர்.

"தில்..."

"ஐலசா!" என்றது வகுப்பு முழுவதும்.

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. அத்தனையும் கடற்கரைப் பிள்ளைகள். ஒட்ட, ஐலசா, கம், ஐலசா, தண்ணீர், ஐலசா, இல்லா, ஐலசா, மல், ஐலசா! நான் சிப்பியைத் தள்ளத் தள்ளச் சொற்கள் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தன. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை. தலை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. வாத்தியார் "ஏலே! ஏலே! விடுங்கலே!" என்று கத்தியது காதில் விழுந்தது. எதை விடச் சொல்கிறார் என்று புரியவில்லை.

பாடம் முடிந்து நிமிர்ந்தால், இன்ஸ்பெக்டர் எனக்கு மிக அருகில் இருந்தார். அவர் எழுந்து வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்திருந்தார். ஐலசாவுக்குக் கை சும்மா இருக்குமா? முன் வரிசைப் பிள்ளைகள் எதையாவது பிடித்து இழுக்க வேண்டுமே என்று கைக்கு எட்டிய ஜமுக்காள விளிம்பைப் பிடித்திருக்கிறார்கள். பின் வரிசை முன் வரிசையின் இடுப்பைப் பிடித்திருக்கிறது. மணல் தரை, தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தைத் தொடையில் இடுக்கிக்கொண்டு கரை சேர்ந்திருந்தார்.

பிள்ளைகள் ஜமுக்காளத்தை மெல்ல விட்டார்கள். வெளியே காக்கை கத்தியது.

"ஐலசா இல்லாமப் படி" என்றார்.

படித்தேன். பாவைலனம் என்று வந்தது. ஒகட்டம் என்று வந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவர் புத்தகத்தை மூடினார். முதலில் தம்பியைப் பார்த்து, "நீ படிச்சியே, ஒட்டகத்தப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். தம்பி விழித்தான். அவ்வளவு வேகமாகப் போனவனுக்கு வழியில் நின்ற ஒட்டகம் கண்ணில் படவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு."

"சுத்தி மணலாக் கெடக்கும் சார், ஆனாக் கடல் இல்ல. அங்கன தண்ணி கெடைக்காது. ஒகட்டம்..."

"ஒட்டகம் சார்" என்றான் தம்பி.

"அது தண்ணியே இல்லாம ரொம்பத் தூரம் நடக்கும். முதுகுல மூட்டை ஏத்துவாங்க. படுத்துக்கிட்டுத்தான் ஏத்திக்கும். எங்க ஊருக்கு நல்லாத் தோதுப்படும் சார், இங்கனயும் குடிக்கத் தண்ணி இல்ல."

கடைசியில் சொன்னது பாடத்தில் இல்லை. அது என் அபிப்பிராயம். இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்தார்.

"இந்தப் புள்ள படிக்குதுய்யா."

"சார், அது பாட்டு சார்."

"பாட்டோ கூத்தோ, பாடத்துல உள்ளதச் சொல்லுதுல்ல? நாலாவதுக்குப் போடும். ரெண்டு பேரையும்." எழுந்து வேட்டியை உதறினார். "அடுத்த வருசம் நாற்காலிய வெறுந்தரையில போடும்."

'இந்தப் புள்ள படிக்குது.' அதுவரை என்னைப் பற்றி அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே ஓடினேன். எல்லாம் குட்டிச் சொற்கள், ஒன்றுகூடப் புரளவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்னால் அய்யா கரையிலிருந்து வந்தார். தம்பி குத்துக்கால் வைத்து உட்கார்ந்து இன்ஸ்பெக்டர் நகர்ந்த நகர்வை நடித்துக் காட்டினான். ஆத்தா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் மதினியும் சிரித்தாள். அய்யா கால் கழுவி வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புஸ்தகத்தக் கொண்டா" என்றார்.

நான் கொண்டு போனேன். அதை வாங்காமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஈரம் பட்டுவிடும் என்று. பிறகு என்னையே பிரிக்கச் சொன்னார். ஒட்டகத்தைப் பிரித்தேன். "பாலை..." என்று நிறுத்தினேன். வழக்கம்போலத் தம்பி வாயைத் திறந்தான். அய்யா கையைக் காட்டி அவனை அடக்கினார்.

அம்பா எடுக்கிறவர் ஐலசா சொல்ல மாட்டார். அது கயிறு பிடிக்கிறவர்கள் சொல்வது. என் அய்யா வாயிலிருந்து அந்தச் சொல்லை ஊரில் ஒருவரும் கேட்டிருக்க முடியாது. அவர் தொண்டையைச் செருமினார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

"ஐலசா" என்றார்.

நான் எடுத்தேன். அவர் பதில் சொன்னார். பாடம் முடிகிற வரைக்கும், ஒரு இடத்தில்கூட முந்தாமல், நான் சிப்பியை நகர்த்தும் வரை காத்திருந்து காத்திருந்து சொன்னார். முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொன்னார். பிறகு புத்தகத்தின் கனத்தைக் கண்ணாலேயே அளந்தார்.

"நாலாப்புப் புஸ்தகம் இதவிடத் தடியா இருக்கும்ல?"

"ஆமாய்யா."

"அப்பத் தொண்டையப் பாத்துக்க" என்றார்.